குலைநோயை நெல் எப்படி அடையாளம் காண்கிறது?

தஞ்சைப் பக்கம் நெல் போட்டவர்களுக்குக் குலைநோய் பற்றி விளக்கம் தேவையில்லை. இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி விழும். இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் வயலே தீய்ந்ததுபோலத் தெரியும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் தாக்கினால் இன்னும் கொடுமை. கழுத்து கறுத்து, மேலே பால் ஏறாமல், கதிர் முழுக்கப் பதராகிச் சாய்ந்துவிடும். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே தமிழ்நாட்டில்தான், 1913இல். 1919இல் தஞ்சை டெல்டாவில் அது பெருஞ்சேதம் செய்தது.

இதை உண்டாக்குவது மேக்னபோர்த்தே ஒரைசே என்ற பூஞ்சை. பைரிகுலேரியா ஒரைசே என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. 2012இல் உலகின் தாவர நோயியல் ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு, மிக முக்கியமான 10 பூஞ்சைகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது.

ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே பனி, ஒரே உரம். ஆனால் ஒரு ரகம் கருகிக்கிடக்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு ரகம் பச்சையாக நிற்கும். நின்ற ரகத்துக்கு உடம்பில் தெம்பு அதிகம், இலை தடிப்பு, தண்டு கெட்டி என்றெல்லாம் நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் விஷயம் அதுவல்ல. விழுந்த ரகத்திடமும் பூஞ்சையைக் கொல்லும் சரக்கு முழுவதும் இருக்கிறது. வந்திருப்பது யார் என்று நேரத்தோடு கண்டுகொள்வதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். நெல்லின் நோயெதிர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது என் கருத்து. இது எப்படி நடக்கிறது என்று மூலக்கூறு அளவில் இறங்கிப் பார்ப்போம்.

இலைக்குள் நுழைவது

பூஞ்சையின் வித்து மூன்று செல்கள் கொண்ட, கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கும் மிகச் சிறிய பொருள். காற்றில் வந்து இலையில் விழும். இரவுப் பனியில் இலை நனைந்தவுடன் வித்தின் நுனியிலிருந்து ஒரு பசை வெளியேறி அதை இலையோடு ஒட்டிவிடும். பிறகு மழை அடித்தாலும் எளிதில் போகாது. சில மணி நேரத்தில் வித்து முளைத்து ஒரு சிறு குழாயை நீட்டும். அந்தக் குழாய் இலைப்பரப்பைத் தடவிப் பார்க்கிறது என்றே சொல்லலாம். பரப்பு கெட்டியாக, மெழுகாக, தண்ணீர் ஒட்டாததாக இருந்தால், குழாயின் நுனி உப்பி ஒரு குமிழாக மாறும்.

இந்தக் குமிழ்தான் இலையைத் துளைக்கும் கருவி. வித்தில் சேமித்திருந்த கொழுப்பையும் சர்க்கரையையும் கரைத்து, குமிழுக்குள் கிளிசராலாக நிரப்புகிறது பூஞ்சை. கிளிசரால் அடர்த்தி கூடக் கூட வெளியே உள்ள பனித்தண்ணீர் உள்ளே பாயும். கிளிசரால் திரும்ப வெளியே கசிந்துவிடாமல் இருக்க, குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருளைப் பூசிக்கொள்கிறது. நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் மெலனினில் இன்னொரு வகைதான். தண்ணீர் ஏற ஏற உள்ளே அழுத்தம் உயர்ந்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 80 மடங்கை எட்டும். அந்த முழு வேகமும் குமிழின் அடியில் உள்ள ஊசி போன்ற ஒரு முளையில் குவிந்து இலையின் மேல்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது.

குலைநோய்க்குத் தெளிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்தை விவசாயிகள் பலருக்கும் தெரியும். அது பூஞ்சையின் உயிரை நேரடியாக எடுப்பதில்லை. மெலனின் தயாரிப்பைத்தான் தடுக்கிறது. மெலனின் பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாமல் துளைக்க முடியாது. பூஞ்சை ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பிறகு இந்த மருந்தால் பயன் குறைவு என்பதற்கும் காரணம் இதுவே.

நெல்லின் பக்கத்தில் முதல் தடுப்பு இலையின் மேல்தோல்தான். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சி இலைத்தோலுக்கு அடியில் அடுக்கிவைக்கும் பயிர். சிலிக்கா குறைந்த மண்ணில் வளர்ந்த நெல்லைக் குலைநோய் அதிகம் தாக்குவது பல நாட்டு வயல்களில் பார்த்தது. யூரியாவை அள்ளிப்போட்டாலும் அதே கதைதான். ஆனால் இந்தச் சுவர் எந்த ரகத்திலும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. பூஞ்சை உள்ளே வந்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் செடி தன் அடுத்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது.

வாசலில் சிக்கும் கைட்டின்

நம் உடம்பில் கிருமி புகுந்தால் இரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்கள் அந்த இடத்துக்குப் போகும். செடிக்கு இரத்தமும் இல்லை, ஓடித்திரியும் செல்லும் இல்லை. ஒவ்வொரு செல்லும் கெட்டியான சுவருக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இலையின் எந்த மூலையில் பூஞ்சை இறங்கினாலும், அந்த மூலையில் இருக்கும் செல்லே அதைக் கண்டுகொள்ள வேண்டும், அதுவே எதிர்க்கவும் வேண்டும்.

எதை வைத்துக் கண்டுகொள்வது? பூஞ்சைகளின் செல்சுவரில் கைட்டின் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு உண்டு. நண்டு, இறால், வண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் இருப்பது இதே பொருள். செடிகளின் உடலில் கைட்டின் கிடையாது. அதனால் இலைக்குள் கைட்டின் துண்டு ஒன்று தட்டுப்பட்டால் அந்நியன் வந்துவிட்டான் என்று அர்த்தம். இந்தத் துண்டுகளை உண்டாக்குவதும் செடிதான். கைட்டினேஸ் என்ற நொதியை செல்லுக்கு வெளியே விட்டு, பூஞ்சையின் சுவரை அரித்து, உதிரும் சிறு துண்டுகளைப் பிடித்துப் பார்க்கிறது.

பிடித்துப் பார்க்கும் புரதத்தை ஜப்பான் ஆய்வாளர்கள் நெல்லில் கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார்கள். அதன் பெயர் செபிப். செல்லின் வெளிச்சவ்வில் ஊன்றி நிற்கும் இந்த ஏற்பிப் புரதத்தில் ஏழெட்டுச் சர்க்கரை அலகுகள் நீளமுள்ள கைட்டின் துண்டு வந்து பொருந்தினால், அது பக்கத்தில் இருக்கும் செர்க்1 என்ற இன்னொரு புரதத்தோடு இணைகிறது. செர்க்1இன் ஒரு பகுதி சவ்வைத் தாண்டி செல்லுக்குள் நீண்டிருப்பதால், வெளியே நடந்த சேதி அதன் வழியாக உள்ளே போய்விடும்.

அதன் பிறகு எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும். கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. சவ்வில் உள்ள ஒரு நொதி ஆக்சிஜனை வினைதிறன் மிக்க வடிவங்களாக மாற்றி வெளியே விடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றில் ஒன்று. காயம் கழுவக் கடையில் வாங்குகிறோமே, அதே பொருள். இது பூஞ்சையைச் சுடுவதோடு, செல்சுவரில் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கவும் செய்கிறது. துளை விழும் இடத்துக்கு நேர் உள்பக்கத்தில் கேலோஸ் என்ற சர்க்கரைப் பொருளைக் குவித்துச் செல் ஒரு அடைப்புப் போடுகிறது. இன்னொரு பக்கம், புரதங்கள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை மாற்றிக் கொடுத்துச் சேதியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

அப்படி விழித்த மரபணுக்கள் தயாரிக்கச் சொல்லும் சரக்கில் முக்கியமானவை பைட்டோஅலெக்சின்கள். நோய் தாக்கிய பிறகு புதிதாகச் சமைக்கப்படும் நச்சுப்பொருள்களுக்கு இந்தப் பெயர். 1940இல் ஜெர்மனியில் முல்லர், பெர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கை வைத்து இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். நெல் தயாரிக்கும் மோமிலாக்டோன், சகுரானெட்டின் ஆகியவை பூஞ்சையின் வளர்ச்சியை முடக்கக்கூடியவை. இவற்றில் மோமிலாக்டோன் 1973இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நெல் உமியிலிருந்து.

நோய்க்கு எளிதில் விழும் ரகங்களிடமும் செபிப், செர்க்1, கைட்டினேஸ், மோமிலாக்டோன் தயாரிக்கும் நொதிகள் எல்லாமே உண்டு. அப்படியானால் ஏன் விழுகின்றன? பூஞ்சை சும்மா இருப்பதில்லை, அதனால்தான்.

மறைந்து நுழைவது

குலைநோய்ப் பூஞ்சைக்குத் தன்னைக் காட்டிக்கொடுப்பது கைட்டின் என்பது பரிணாம வழியில் பழகிப்போன விஷயம். அதனால் இலைக்குள் இறங்கும்போது தன் சுவரின் மேல் ஆல்ஃபா குளுக்கான் வகைப் பொருள் ஒன்றைப் பூசிக் கைட்டினை மூடிக்கொள்கிறது. அந்தப் பூச்சைக் கரைக்கும் நொதி நெல்லிடம் இல்லை. ஜப்பானில் ஒரு குழு, பாக்டீரியாவிலிருந்து அந்த நொதிக்கான மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைத்துப் பார்த்தது. பூச்சு கரைந்து கைட்டின் வெளிப்பட்டது, நெல் நோயை எதிர்த்து நின்றது. பூஞ்சையிலிருந்து அந்தப் பூச்சைத் தயாரிக்கும் மரபணுவை நீக்கியபோதும் அதனால் நெல்லைத் தாக்க முடியவில்லை.

பூச்சையும் மீறி உதிரும் கைட்டின் துண்டுகளுக்கு வேறொரு ஏற்பாடு. எஸ்எல்பி1 என்ற புரதத்தைப் பூஞ்சை வெளியே விடுகிறது. அது கைட்டின் துண்டுகளைச் செபிப்புக்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்ளும். செபிப் காலியாகவே நிற்கும், செல்லுக்குள் சேதி போகாது.

இப்படிச் செடியின் எதிர்ப்பை முடக்க நோய்க்கிருமி அனுப்பும் புரதங்களை எஃபெக்டர் என்கிறார்கள். எஸ்எல்பி1 செல்லுக்கு வெளியே வேலை செய்வது. இன்னும் பல எஃபெக்டர்கள் நேராக நெல்லின் செல்லுக்குள்ளேயே போய், சேதி கடத்தும் புரதங்களைக் கெடுக்கின்றன. நுழைந்த முதல் ஒன்றரை நாள் பூஞ்சை செல்லைக் கொல்வதில்லை. உயிரோடு வைத்துக்கொண்டே அதற்குள் வளர்ந்து, பக்கத்துச் செல்லுக்குப் போகும் நுண்துளை வழியாக மெலிந்து நுழைந்து பரவுகிறது. இலையில் நாம் பார்க்கும் கண் வடிவப் புள்ளி அதற்கும் சில நாள் கழித்து வருவது. நாம் பார்க்கும்போது பூஞ்சை அடுத்த வித்துகளைத் தயாரித்துக்கொண்டிருக்கும்.

சரி, எஃபெக்டர் செல்லுக்குள் வந்துவிட்டது, வெளிச்சவ்வில் உள்ள ஏற்பி பயன்படவில்லை. இங்கேதான் எதிர்ப்பு ரகத்துக்கும் மற்றதுக்கும் வழி பிரிகிறது.

ஃப்ளோரின் ஆளிச்செடி

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்டு ஹென்றி ஃப்ளோர் என்ற ஆய்வாளர் ஆளிச்செடியையும் அதைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையையும் வைத்து வேலை செய்தார். அவர் செய்த புதுமை, செடியை மட்டுமின்றிப் பூஞ்சையையும் கலப்பினம் செய்து பார்த்தது. 1940களில் அவருக்குக் கிடைத்த விடை: செடியில் உள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் எதிரே பூஞ்சையில் அதற்கு ஜோடியான ஒரு மரபணு இருக்கிறது. ஜோடியின் இரண்டு பக்கமும் இருந்தால் செடி தப்பிக்கும். எந்தப் பக்கம் இல்லாமல் போனாலும் நோய் வரும்.

பூஞ்சையின் ஒரு மரபணுவே அதைத் தோற்கடிக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய புதிராக இருந்திருக்கும். டிஎன்ஏவின் வடிவம் தெரியாத காலம் அது. இன்றைக்கு விளக்கம் எளிது. பூஞ்சையின் அந்த மரபணு தருவது ஒரு எஃபெக்டர். செடியின் மரபணு தருவது, பெரும்பாலான சமயம், அந்த எஃபெக்டரைச் செல்லுக்குள் கண்டுபிடிக்கும் என்எல்ஆர் வகைப் புரதம். நெல்லின் மரபணுத் தொகுதியில் இந்த வகை மரபணுக்கள் நானூறு ஐந்நூறு இருக்கின்றன. ரகத்துக்கு ரகம் அவை மாறுபடும். குலைநோயை எதிர்க்கும் மரபணு இடங்கள் என்று இதுவரை 100க்கும் மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இவற்றில் பிக் என்ற எதிர்ப்பு மரபணுவின் வேலை அழகானது. இது இரண்டு என்எல்ஆர் புரதங்கள் சேர்ந்த ஜோடி. குலைநோய்ப் பூஞ்சையின் ஏவிஆர்-பிக் என்ற எஃபெக்டர் நெல்லுக்குள் ஹெச்எம்ஏ என்ற பகுதி கொண்ட சில சிறு புரதங்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பிக் ஜோடியில் ஒரு புரதம் தன் உடலின் நடுவிலேயே அதே ஹெச்எம்ஏ பகுதியின் ஒரு நகலை வைத்திருக்கிறது. எலிப்பொறியில் மசால் வடை வைப்பதுபோல. எஃபெக்டர் தன் வழக்கமான இரை என்று நினைத்து அதில் ஒட்டியவுடன் பொறி விழுந்துவிடும். எலிக்குப் பிடித்தது என்ன என்று பார்த்து அதையே உள்ளே வைத்திருக்கிறது நெல், எந்த வடிவமைப்பாளரும் இல்லாமல், வெறும் இயற்கைத் தேர்வின் வழியாக. தாவர நோயியலில் இதைவிட அருமையான ஒரு மூலக்கூறு எனக்குத் தெரியாது.

பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏவிஆர்-பிக்கில் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் இரண்டு வடிவங்களுக்கு இடையே புரதத்தைக் கட்டும் சிறு அலகான அமினோ அமிலம் ஒன்றே ஒன்றுதான் வேறு. ஒன்றைப் பிக்கின் ஒரு வடிவமான பிக்-எம் என்ற நெல் மரபணு கண்டுகொள்ளும், மற்றதைக் கண்டுகொள்ளாது. வயல் அளவில் பார்க்கும் விளைச்சலும் இழப்பும் சில சமயம் ஒரே அமினோ அமிலத்தில் போய் நிற்கிறது.

கோ 39 சொல்லும் செய்தி

கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல் ரகம் குலைநோய் ஆய்வு உலகில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். காரணம் அதன் பெருமை அல்ல. குலைநோய்க்கு அது மிக எளிதில் விழும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதையே அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியாகக் கோ 39க்குள் கொண்டுவந்து வரிசையான செடிகளை உருவாக்கியது. எந்த மரபணு எந்தப் பூஞ்சை வகையை எதிர்க்கிறது என்று சோதிக்க அவை வசதியாக இருந்தன.

அப்புறம் ஒரு ஆச்சரியம் வந்தது. இதே பூஞ்சை இனம் நெல்லை மட்டும் தாக்குவதில்லை. கேழ்வரகு, கோதுமை, பல புல்வகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகைகள் உண்டு. ஒரு புல்லிலிருந்து எடுத்த பூஞ்சை வகையில் இருந்த ஒரு மரபணுவை நெல்லைத் தாக்கும் பூஞ்சைக்குள் ஆய்வாளர்கள் வைத்தார்கள். அதுவரை கோ 39ஐ நாசம் செய்துகொண்டிருந்த பூஞ்சை, அந்த ஒரு மரபணு ஏறியவுடன் கோ 39இல் நோயை உண்டாக்க முடியாமல் போனது. அந்த மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதாவது, கோ 39க்குள் வேலை செய்யும் நிலையில் ஒரு எதிர்ப்பு மரபணு எப்போதும் இருந்திருக்கிறது. ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5 என்ற என்எல்ஆர் ஜோடி. இதிலும் ஒரு புரதத்தில் ஹெச்எம்ஏ பகுதி இருக்கிறது. ஆனால் நெல்லைத் தாக்கும் பூஞ்சை வகைகளில் பெரும்பாலானவை, அது அடையாளம் காணும் மரபணுவை எப்போதோ இழந்துவிட்டன. கண்டுகொள்ள எதுவும் இல்லாததால் கோ 39இன் எதிர்ப்பு விழிக்கவே இல்லை. செடி மாறவில்லை, அதன் சிலிக்கா மாறவில்லை, கைட்டினேஸ் மாறவில்லை. பூஞ்சையில் அடையாளம் ஒன்று சேர்ந்தது, செடி தப்பித்தது. நோய்க்கு விழும் ரகத்தைப் பலவீனமான ரகம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

ஒரு செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வது

என்எல்ஆர் எஃபெக்டரைக் கண்டுகொண்ட பிறகு என்ன நடக்கிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. பெரிய திருப்பம் 2019இல் வந்தது. சீனாவில் ஆய்வாளர்கள் ஒரு என்எல்ஆர் புரதத்தின் வடிவத்தைக் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஐந்து புரதங்கள் வட்டமாகக் கூடிச் சக்கரம் போல நின்றன. அது பாக்டீரியா நோய் தொடர்பானது. பூஞ்சைக்கான விடை 2022இல் கோதுமையிலிருந்து வந்தது. தண்டுத் துருநோயை எதிர்க்கும் எஸ்ஆர்35 என்ற மரபணுவின் புரதம், துருப்பூஞ்சையின் எஃபெக்டர் தன்மேல் ஒட்டியவுடன் ஐந்து ஐந்தாகக் கூடி, செல்சவ்வில் கால்சியம் பாயும் ஒரு துளையாக மாறுகிறது. 1999இல் உகாண்டாவிலிருந்து தெரியவந்து கோதுமை நாடுகளைக் கலங்கவைத்த யுஜி99 துருநோய்க்கு எதிராகவும் வேலை செய்யும் மரபணு இது. பழங்காலக் கோதுமை இனமான ஐன்கார்னிலிருந்து எடுத்தது.

இப்படிப் பாயும் கால்சியம் முன்பு சொன்ன கைட்டின் சேதியில் வருவதைவிடப் பலமானது, நீடித்தும் நிற்கும். முடிவில் அந்தச் செல்லே இறந்துபோகிறது. இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் இருக்கும், அதோடு நோய் நிற்கும். எதிர்ப்பு ரகங்களின் இலையில் தெரியும் மிகச் சிறிய பழுப்புப் புள்ளிகள் பல இப்படி வந்தவைதான். கோதுமைத் துருநோயில் இதைக் கவனித்து ஸ்டேக்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1915இல் எழுதினார்.

ஒரு செல் செத்தால் பூஞ்சைக்கு என்ன நஷ்டம்? இந்தக் கட்டத்தில் அது உயிருள்ள செல்லிலிருந்துதான் உணவு எடுக்கிறது. சுற்றிலும் செல்சுவர் இறுகி, பைட்டோஅலெக்சின் நிரம்பி, உள்ளே உணவும் தீர்ந்தால் அது அங்கேயே முடங்கிவிடும்.

செத்த திசுவையே தின்று வாழும் பூஞ்சைகளுக்கு இதே உத்தி விருந்தாகவும் மாறலாம். அமெரிக்காவில் 1940களில் விக்டோரியா என்ற ஓட்ஸ் ரகத்திலிருந்து ஒரு துருநோய் எதிர்ப்பு மரபணுவை எடுத்துப் புதிய ரகங்களில் சேர்த்தார்கள். துரு நின்றது. ஆனால் அதே ரகங்களை வேறொரு பூஞ்சை வந்து அழித்தது. அது விடும் விக்டோரின் என்ற நச்சு, செடியின் எதிர்ப்பு ஏற்பாட்டையே தட்டி எழுப்பிச் செல்களைச் சாகவைத்தது. துருநோய் எதிர்ப்பையும் இந்த நோய்க்கு விழும் குணத்தையும் எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை. எதிர்ப்புக்கு விலை உண்டு என்று வகுப்பில் சொல்லும்போது ஆசிரியர்கள் இந்த ஓட்ஸைத்தான் காட்ட வேண்டும்.

தாக்கப்பட்ட இலையிலிருந்து மற்ற இலைகளுக்கும் சேதி போகும். புகையிலை போன்ற செடிகளில் சாலிசிலிக் அமிலம் ஏறி, எதிர்ப்பு மரபணுக்களை முன்கூட்டியே தயார்நிலையில் வைக்கும். நெல் இதில் சற்று வித்தியாசமானது. அதன் இலையில் சாலிசிலிக் அமிலம் எப்போதுமே அதிகம். இருந்தாலும் அந்த வழித்தடம் அதற்கும் உண்டு. ஜப்பானில் 1970களிலிருந்து குலைநோய்க்குப் பயன்படுத்தும் புரோபெனசோல் பூஞ்சையை நேரடியாகத் தொடுவதில்லை. அது நெல்லின் இந்த வழித்தடத்தை உசுப்பிவிடுவது. பூஞ்சையைக் குறிவைக்காததால், பூஞ்சை அதற்குப் பழகிக்கொள்ளவும் வழி குறைவு. இப்படிப்பட்ட மருந்துகளில் இன்னும் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

எதிர்ப்பு ஏன் உடைகிறது

ஒரே ஒரு எஃபெக்டரைக் கண்டுகொள்ளும் ரகத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் போட்டால், பூஞ்சையில் அந்த எஃபெக்டரை இழந்த அல்லது மாற்றிக்கொண்ட ஒரு வித்து போதும். அது மட்டும் தப்பி, பெருகி, அடுத்தடுத்த பருவங்களில் ஊரெல்லாம் பரவும். தென் கொரியாவில் 1970களில் பசியைப் போக்கிய டோங்கில் நெல் ரகம் 1978இல் குலைநோய்க்கு விழுந்தது இந்த வழியில்தான்.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஆபத்து வரலாம். கோதுமையில் குலைநோய் என்பது 1985க்கு முன் தெரியாத ஒன்று. பிரேசிலின் பரானா மாநிலத்தில் அது முதலில் தலைகாட்டியது. கோதுமையின் ஆர்டபிள்யூடி3 என்ற எதிர்ப்பு மரபணு, புல்லில் வாழ்ந்த பூஞ்சை வகையை அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது. அந்த மரபணு இல்லாத கோதுமை ரகங்கள் அங்கே பரவலாகப் பயிரிடப்பட்டதால் பூஞ்சைக்குக் கோதுமையில் காலூன்ற இடம் கிடைத்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பூஞ்சை 2016இல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. தடுத்துக்கொண்டிருந்தது என்ன என்று தெரியாமலே அதைக் கைவிட்டதன் விலை இது.

என்ன செய்யலாம்? இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்த்துவைப்பது ஒரு வழி. பூஞ்சை ஒரே சமயத்தில் அத்தனை எஃபெக்டர்களையும் மாற்றிக்கொள்வது கடினம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செய்தது இன்னும் எளிமையானது. நோய்க்கு விழும் ஒட்டுநெல் (சோறு பிசுபிசுவென்று ஒட்டும் நெல்) ரகத்தின் வரிசைகளை எதிர்ப்புள்ள கலப்பின நெல்லுக்கு நடுவே நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் ஒட்டுநெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. 2000ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவைப் படிக்கும் யாருக்கும், ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் நடுவது பற்றிக் கொஞ்சமாவது யோசனை வரவேண்டும். ஆய்வகங்களில் பிக் புரதத்தின் ஹெச்எம்ஏ பகுதியை மாற்றி அமைத்து, இயற்கையில் அது பிடிக்காத ஏவிஆர்-பிக் வடிவங்களையும் பிடிக்கவைக்கும் வேலை நடக்கிறது. சோதனை அளவில் வெற்றியும் கிடைத்திருக்கிறது.

அடையாளம் காண்பதைச் சாராத எதிர்ப்பும் உண்டு. ஜப்பானில் மானாவாரியாகப் பயிரிடும் சில நெல் ரகங்கள் பல காலமாகக் குலைநோயை ஓரளவுக்குச் சமாளித்துவந்தன. புள்ளிகள் வரும், ஆனால் பெருகாது. பருவத்துக்குப் பருவம் பூஞ்சை மாறினாலும் இந்தக் குணம் மாறவில்லை. அதை நல்ல ரகங்களுக்குக் கொண்டுவர முயன்றபோதெல்லாம் சோற்றின் ருசி கெட்டது. 2009இல் காரணம் தெரிந்தது. அங்கே இருந்தது பை21 என்ற மரபணு. அதன் வழக்கமான வடிவம் செடியின் எதிர்ப்பைக் கொஞ்சம் மெதுவாக்கி வைக்கும். மானாவாரி ரகங்களில் அதன் ஒரு துண்டு காணாமல் போயிருந்ததால், அந்தத் தடை நீங்கி எதிர்ப்பு வேகமாக எழுந்தது. பை21 புரதத்திலும் ஹெச்எம்ஏ பகுதி உண்டு. பிக் பொறியில் வைத்திருக்கும் நகல் எந்தக் குடும்பத்திலிருந்து வந்ததோ அதே குடும்பம். ருசியைக் கெடுத்தது பை21 அல்ல, அதற்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு மரபணு. இரண்டும் பிரிந்த செடியை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து, நோயைத் தாங்கும், சோறும் ருசியாக இருக்கும் புதிய நெல்லை உருவாக்கினார்கள்.